சாமியார் வராத ஞாயிறு

புதூர்ப் பக்கம் மழை பெய்தால் பைக்கை நாம் ஓட்ட முடியாது, தள்ளத்தான் வேண்டும். கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு, 'எங்கேய்யா அவசரம்?' என்று கேட்கும். பங்குச் சாமியாரோ ஒருத்தர். கிளைக் கிராமங்கள் பல. எல்லா ஊரிலும் ஒரே காலையில் பூசை வைக்க முடியுமா? பி.காம். படித்த எனக்கே கணக்கு உதைக்கிறது!

துண்டு விழுவதைச் சரிக்கட்டுகிறவர் உபதேசியார். வாசகம் வாசிப்பார், ஜெபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருவார். சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்துவிடுவார். பூசை மட்டும் வைக்க மாட்டார். சம்பளமா? அதைக் கேட்காதீர்கள், சார்!

மேற்கே கோவில்பட்டி தாண்டினால் காமநாயக்கன்பட்டி. வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர். பரமார்த்த குருவால் நம்மைச் சிரிக்கவைத்த அதே மனிதர், உபதேசியார்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். இவர்கள் இல்லாமல் காரியம் ஓடாது என்று அன்றைக்கே புரிந்திருக்கிறது.

1773-ல் போப்பாண்டவர் சேசு சபையையே கலைத்தார். அவர்கள் மதுரை மிஷனுக்குத் திரும்ப அறுபது வருஷத்துக்கு மேலாயிற்று. இடையில் வந்துபோன குருக்கள் கொஞ்சம்பேர்தான். ஊர்களில் ஜெபம் நின்றுபோகாமல் காத்ததில் உபதேசியார்களுக்குப் பெரும் பங்கு.

ரோமாபுரி 1972-ல்தான் வாசகர், பீடத்துணைவர் பணிகளைக் குருவாகப் போகாத ஆண்களுக்கும் திறந்துவிட்டது. பெண்களுக்கு 2021-ல். உபதேசியார் பணிக்கு முறையான அந்தஸ்தும் அதே வருஷம்தான். கரிசல்காட்டுக்கு அது பழைய சேதி!

கோயில் கல்வெட்டில் சாமியார், மேற்றிராணியார் பெயரெல்லாம் இருக்கும். உபதேசியார் பெயர் வேண்டுமா? திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் கேளுங்கள். மூணு தலைமுறைக்குச் சொல்வாள்.