மால்கம்: மொட்டைத் தலையிலிருந்து வந்த பெயர்!

மால்கம் என்றதும் சிலருக்கு மால்கம் எக்ஸ் ஞாபகம் வரலாம். கிரிக்கெட் ரசிகர்களுக்கு மால்கம் மார்ஷல். ஆனால், இந்த ஸ்காட்லாந்துப் பெயருக்குள் ஒரு மொட்டைத் தலை ஒளிந்திருப்பது பலருக்கும் தெரியாது.

கேலிக் மொழியில் இது 'மேல் கொலும்'. 'மேல்' என்றால் மழித்த தலை. துறவிகள் முடி மழித்துக்கொண்டதால், அந்தச் சொல்லுக்கே 'அடியார்' என்ற பொருளும் வந்துவிட்டது. 'கொலும்' என்பது புனித கொலம்பா. கி.பி. 563-ல் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்து, ஐயோனா என்ற குட்டித் தீவில் மடம் அமைத்தவர். ஆக, மால்கம் என்றால் கொலம்பாவின் அடியார். முருகதாஸ், ராமதாஸ் மாதிரிதான்!

ஸ்காட்லாந்தை நான்கு மால்கம்கள் ஆண்டிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் கடைசியில் ஜெயிக்கும் இளவரசர்தான் மூன்றாம் மால்கம். 1058 முதல் 1093 வரை ஆண்ட இவர் வீட்டில்தான் பெயருக்குச் சோதனை வந்தது.

அவர் மனைவி மார்கரெட், இங்கிலாந்து அரச வம்சத்துப் பெண். 1066-ல் நார்மானியர்கள் நாட்டைப் பிடித்த பிறகு, அடைக்கலம் தேடி ஸ்காட்லாந்து வந்தவர். இவர்களுக்கு ஆறு மகன்கள். முதல் நால்வர் எட்வர்ட், எட்மண்ட், எதல்ரெட், எட்கர். மார்கரெட்டின் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அவருடைய அப்பா என்று அதே வரிசை! அடுத்த இருவர் அலெக்ஸாண்டர், டேவிட். ஒருவருக்குக்கூட கேலிக் பெயர் இல்லை. பறிபோன சிம்மாசனத்துக்கு உரிமை கோரும் கணக்கா, பிறந்த வீட்டுப் பாசமா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது. ஆனால், கணவர் வீட்டு மொழி தொட்டிலிலேயே தோற்றுப்போனது.

டேவிட்தான் பிறகு தன் பேரனுக்கு அந்தப் பெயர் கிடைப்பதைப் பார்த்தார். 12 வயதில் முடிசூடிய நான்காம் மால்கம், 24 வயதில் கல்யாணம் ஆகாமலே இறந்தார். அதன்பின் ஸ்காட்லாந்தில் மால்கம் என்று ஓர் அரசர் இல்லை. அரண்மனை விட்டாலும் ஊர் விடவில்லை; 'காலம்' என்ற சுருக்கப் பெயர் இன்றும் அங்கே செல்லம்.

கடல் தாண்டியும் போனது. அடிமை முறை ஒட்டவைத்த 'லிட்டில்' என்ற குடும்பப் பெயரை உதறி 'எக்ஸ்' போட்டுக்கொண்டவர், மால்கமை மட்டும் விடவில்லை. வேலூரில் 1910-ல் பிறந்து, யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த பொருளாதார அறிஞரின் பெயர் மால்கம் ஆதிசேஷய்யா. கொலம்பா என்றால் லத்தீனில் புறா. புறாவும் ஆதிசேஷனும் ஒரே பெயரில்!