துளையின் அளவு

பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெயரை நம் பாடப்புத்தகங்கள் எதிலும் நான் பார்த்ததில்லை. 1940இல் பிரிட்டனின் வானில் போர் நடந்தபோது, ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. எதிரி விமானம் மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்துப் பாயும். அதைத் துரத்தி இவையும் அப்படியே பாய்ந்தால் இவற்றின் மெர்லின் எஞ்சின் திணறி நின்றுவிடும். காரணம் கார்புரேட்டர். அந்தப் பாய்ச்சலில் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மேலே எகிறும். முதலில் எஞ்சினுக்குப் பெட்ரோல் கிடைக்காது. அடுத்த நொடியில் அளவுக்கு மீறிக் கொட்டி மூழ்கடித்துவிடும். ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் பொறியாளராக இருந்த ஷில்லிங், நடுவில் துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் துண்டைப் பெட்ரோல் வரும் வழியில் வைத்தார். முழு வேகத்தில் எஞ்சினுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டுமே அந்தத் துளை வழியே போகும். 1941இல் ஒரு சிறு குழுவோடு விமானத் தளங்களுக்குப் போய் அதைப் பொருத்தினார். அவர் போனது தன்னுடைய நார்ட்டன் மோட்டார் சைக்கிளில்.

அந்தத் துண்டுக்கு ஆண்கள் வைத்த பெயர் ‘மிஸ் ஷில்லிங்கின் துளை’. என்ன பொருளில் சிரித்திருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. அவருக்கு 1938இலேயே திருமணம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்புக்கு ஒரு ‘மிஸ்’ தேவைப்பட்டது. உயிரைக் காப்பாற்றிய கருவியைப் பயன்படுத்திக்கொண்டே, செய்தவளை உடலாகச் சுருக்கிவிட முடிகிறது. இந்த ஊரில் பெண் கவிஞர்களுக்கு இது புதிதல்ல. நாங்கள் எழுதிய சொற்களை விட்டுவிட்டு, சொல்லில் வந்த உறுப்பை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவர்களை நாங்கள் அறிவோம்.

ஷில்லிங்கிடம் நான் வந்து சேர்ந்தது அப்பாவின் புல்லட் வழியாக. 1984ஆம் ஆண்டு வண்டி. அப்பா இறந்தபின் ஆறு ஆண்டுகள் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் நின்றது. தம்பி இரண்டு முறை “இரும்புக் கடைக்குப் போட்டுடலாம்கா” என்றான். அம்மா பதில் சொல்லவில்லை. எனக்கும் அந்த வண்டிமேல் பாசம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டின் நேரத்தை முப்பது வருடம் ஆண்டது அதன் சத்தம். தெருமுனையில் கேட்டதும் வானொலி நிற்கும். அம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். நான் வாசல் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விடுவேன். அந்தச் சத்தம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை. நம்மை ஆண்ட ஒன்றைக் கழற்றிப் பார்க்கும் ஆசை என்று சொல்லலாம்.

எனக்கு வழிகாட்டியவள் என் மாணவி ஒருத்தி. வகுப்பில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, கடைசி வரிசையிலிருந்து எழுந்து, “எங்கப்பா பட்டறைல கார்புரேட்டர் கழுவுறது நான்தான் மேடம். ஆனா கஸ்டமர் வந்தா உள்ள போகச் சொல்லிடுவார்” என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வந்தாள். தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, தரையில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தாள். விழுகிற சின்னச் சாமான் கண்ணில் படுவதற்குத்தான் வெள்ளைத் துணியாம்.

கார்புரேட்டர் என்பது அடிப்படையில் ஒரு குறுகலான தொண்டை. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. குறுகலான இடத்தில் காற்று வேகமெடுக்கும். வேகமெடுக்கிற இடத்தில் அதன் அழுத்தம் குறையும். அந்தக் குறைவுதான் கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை ஜெட் என்ற துளை வழியாக மேலே இழுத்துத் தூவுகிறது. கிண்ணத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் இருக்க ஒரு மிதவை. மிதவை ஏறும்போது வழியை அடைக்க ஒரு ஊசி. வண்டி சும்மா நிற்கும்போது வேலை செய்யச் சிறிய ஜெட், வேகத்துக்குப் பெரிய ஜெட். பெட்ரோல் ஒரு கிராமுக்குக் காற்று ஏறத்தாழ 14.7 கிராம் இருந்தால் முழுமையாக எரியும். அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள மீசை தேவையில்லை என்று எனக்கு யாரும் பதினைந்து வயதில் சொல்லவில்லை.

எங்கள் வண்டியில் இருந்தது 24 மில்லிமீட்டர் மிக்கார்ப். ஜப்பானின் மிக்குனி வடிவத்தில் இந்தியாவில் செய்தது. திறந்தபோது கிண்ணத்தின் அடியில் பெட்ரோல் காய்ந்து பலாப்பிசின்போல் ஒட்டியிருந்தது. சின்ன ஜெட் முழுக்க அடைப்பு. மிதவை ஊசியின் முனையில் தேய்ந்து ஒரு வளையம் விழுந்திருந்தது. ரப்பர் வளையங்கள் தொட்டதும் உதிர்ந்தன. எஞ்சினோடு சேரும் விளிம்பு வளைந்திருந்தது. யாரோ மெக்கானிக் நட்டைப் பலம் காட்டி முறுக்கியதன் விளைவு. கண்ணாடிப் பலகையில் எமரித்தாளை ஒட்டி, அதன்மேல் விளிம்பை எட்டுப் போடுவதுபோல் தேய்த்துச் சமப்படுத்தக் கற்றுக்கொடுத்தாள். ஜெட்டைக் குத்த நான் ஊக்கைத் தேடியபோது கையைப் பிடித்துக்கொண்டாள். “இரும்பு விட்டுக் குத்தினா துளை பெருசாயிடும் மேடம். அப்புறம் அது அந்த நம்பர் ஜெட் இல்ல.” ஊறவைத்து, காற்றடித்து, அதற்கும் மசியாவிட்டால் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை.

ஒரு சுவடிக்குப் பல படிகள் இருந்தால், எந்தப் பாடம் பொருந்தும் என்று தேடுவது என் துறையில் பழைய வேலை. உதிரிபாகம் தேடுவதும் ஏறக்குறைய அதுதான். 2020 ஏப்ரலில் புதிய மாசு விதிகள் வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் ஒழிந்து, எரிபொருளைப் பீய்ச்சும் கருவி வந்துவிட்டது. பழையதற்குச் சாமான் செய்கிறவர்கள் குறைந்தார்கள். அட்டைப் பெட்டியில் வரும் ‘கிட்’ எங்கும் கிடைக்கிறது. உள்ளே இருப்பது எது என்பதுதான் கேள்வி.

ஜி.பி. ரோட்டில் முதல் கடையில் நான் சாமானின் பெயரையும் வண்டியின் ஆண்டையும் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல், “சாருக்குப் போன் போட்டுக் குடுங்க மேடம், நான் பேசிக்கிறேன்” என்றார். சார் யாரும் இல்லை என்றேன். “அப்ப மெக்கானிக்கை வரச்சொல்லுங்க.” இன்னொரு கடையில் கிட் ஒன்றைத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பழைய ஜெட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். இரண்டிலும் 90 என்றே பொறித்திருந்தது. புதியதில் வெளிச்சம் அதிகம் தெரிந்தது. எண் ஒன்று, துளை வேறு. திருப்பிக் கொண்டுபோனபோது, “லேடீஸ் எல்லாம் ஜெட் பார்க்க ஆரம்பிச்சாச்சா” என்று ஒரு சிரிப்பு. பணம் திரும்பவில்லை.

புதுப்பேட்டையில் ஒரு சந்து. எண்ணெய்க் கறுப்பேறிய தரை, கூரைவரை தொங்கும் சங்கிலிகள், சைலன்சர்கள். அங்கே வயதான பாய் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “பழசைக் கொண்டாந்தீங்களா?” எந்தச் சாரையும் அவர் தேடவில்லை. தாளில் பொதிந்து வைத்திருந்த ஊசியையும் ஜெட்களையும் பிரித்து வைத்தேன். “சாம்பிள் இருந்தா பேசலாம்மா. பேரைச் சொல்லிக் கேக்கறவங்களுக்கு எதையாச்சும் குடுத்துடுவாங்க.” பிஸ்கட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து, மரையைப் பழையதோடு ஒட்டிவைத்துப் பார்த்தார், நீளத்தை நகத்தால் அளந்தார். பெரிய ஜெட்டும் 25ஆம் எண் சின்ன ஜெட்டும் பழைய இருப்பிலிருந்து கிடைத்தன. ஊசியை மட்டும் அதன் இருக்கையோடு சேர்த்தே வாங்கச் சொன்னார்: “ரெண்டும் ஒண்ணா தேஞ்சது. ஒண்ணை மட்டும் மாத்தினா ஒழுகும்.” ரப்பர் வளையங்களைப் பற்றியும் எச்சரித்தார். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதம் வரை வந்துவிட்டது. பழைய ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். அதற்குத் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்க வேண்டும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியின் கிண்ணத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

கடைசி வேலை சுருதி கூட்டுவது. எஞ்சினைச் சூடாக்கி, காற்றுத் திருகை மெல்ல முழுக்க மூடி, பிறகு ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கிருந்து கால் கால் சுற்றாக முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். எஞ்சின் எங்கே தெளிவாக ஓடுகிறதோ அங்கே விட்டுவிட்டு ‘ஸ்லோ’வைக் குறைக்க வேண்டும். மாணவிக்கும் எனக்கும் எது தெளிவு என்று பிடிபடவில்லை. அப்போது பின்கட்டுப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, தலை நிமிராமல் சொன்னாள்: “இன்னும் கொஞ்சம் இறக்கு. இது உங்கப்பா கோவமா வர்ற சத்தம்.”

நான் திருகைத் திருப்பினேன். “இது குடிச்சுட்டு வர்றது.” மறுபடியும் திருப்பினேன். “இது சம்பளத்தன்னிக்கு.” முப்பது வருடம் ஒருமுறைகூட அந்த வண்டியின் முன்னிருக்கையில் உட்காராதவள். பின்னால் ஒருபக்கமாக, புடவையைக் கையில் இறுக்கிக்கொண்டு போனவள். அவள் காதில் ஒரு பட்டறையே இருந்தது. அச்சத்திலிருந்து பிறந்த அறிவு அது; ஆனாலும் அறிவு. மெக்கானிக்குக்கு அனுபவம் என்று பெயர் பெறுவது, மனைவியிடம் பெயரில்லாமல் கிடந்திருக்கிறது. இன்னொரு கால் சுற்று. எஞ்சின் நிதானமாக, ஒவ்வொரு வெடிப்பும் தனியாகக் கேட்கும்படி ஓடியது. அம்மா கீரையைக் கீழே வைத்தாள். “இது யாரோட சத்தமும் இல்ல. இப்படியே விடு.”

பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். கருத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. எங்களுடையது வேர்க்கடலைத் தோலின் நிறத்தில் இருந்தது. மாணவி அதைப் படம் எடுத்துத் தன் அப்பாவுக்கு அனுப்பினாள். இப்போது அவள் பட்டறையில், கஸ்டமர் வந்தாலும் எழுவதில்லை என்கிறாள்.

வண்டி ஓடுகிறது என்று தெரிந்த வாரமே தம்பி பேசினான். “அப்பா வண்டிக்கா. ஆம்பளப் பிள்ளைகிட்ட இருக்கறதுதானே முறை.” ஓடாதவரை இரும்பு, ஓடத் தொடங்கியதும் வம்சச் சொத்து. அப்பா சம்பாதித்து வாங்கியதில், உயில் எழுதாமல் அவர் போய்விட்டால் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. முறை என்பது அதற்குப் பிறகும் நம் வீடுகளில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கான விடுதலைப் பத்திரமும் என் கையெழுத்துக்காக அவன் மேசையில் காத்திருக்கிறது. நான் போடப்போவதில்லை; அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

வண்டிப் பேச்சை அம்மா முடித்தாள். போனை வாங்கி, “உங்க ரெண்டு பேருக்கும் வேணாம். என் பேருக்கு மாத்துங்க” என்றாள். உரிமையாளர் இறந்தபின் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. மற்ற வாரிசுகளின் சம்மதம். பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால் தகுதிச் சோதனை, பதிவுப் புதுப்பிப்பு, பசுமை வரி. தம்பி கையெழுத்துப் போட்டான். நானும் போட்டேன். எழுபத்திரண்டு வயதில் அம்மாவின் பெயரில் பதிவான முதல் சொத்து அது. அட்டை வந்த அன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைத்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: “நீ எடுத்துட்டுப் போனா பெட்ரோல் யார் போடறது?”