பூமியின் வயது

பூமிக்கு வயது என்ன என்ற கேள்வியை வேலையற்றோரின் பொழுதுபோக்கு எனக் கருதும் நண்பர்கள் எமக்கு உண்டு. அரிசி விலையையும் ஆசிரியர் சம்பளத்தையும் பற்றிப் பேசவேண்டிய நேரத்தில் கல்லின் வயதைப் பற்றிப் பேசுவானேன் என்பது அவர்களது வாதம். அரிசி விலையை நாமும் மறந்தோமல்லோம். ஆயினும், உண்மையை எவ்வாறு அறிந்துகொள்வது என்பதில் மயக்கம் கொண்ட சமுதாயம், தன் உரிமைகளைக் காத்துக்கொள்ளும் ஆற்றலையும் நாளடைவில் இழந்துவிடும் என்பது எமது துணிபு.

எமது வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தி ஒருநாள், “சேர், பூமி உண்டாகி 6000 வருசம்தான் எண்டு எங்கட சபையில சொல்லுகினம். புத்தகத்தில 454 கோடி எண்டு கிடக்கு. சோதினைக்கு ஒண்டு, சபைக்கு ஒண்டு எண்டு ரெண்டையும் வைச்சிருக்கலாமோ?” என்று கேட்டாள். வகுப்பிற் சிலர் சிரித்தனர். சிரிப்பதற்குரிய கேள்வியன்று அது. இரண்டு உண்மைகளை இரண்டு பைகளிற் சுமந்து திரியும்படி நாம் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கின்றோம். அவள் அதனை வாய்விட்டுக் கேட்டாள்.

6000 என்ற எண் வேதாகமத்தில் எவ்விடத்திலும் எழுதப்பட்டதன்று. ஆதாமின் வழித்தோன்றல்களுக்குக் கூறப்பட்ட வயதுகளைக் கூட்டி, அரசர்களின் ஆட்சிக் காலங்களை அவற்றோடு பொருத்தி, மனிதர் கணித்த தொகை அது. அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், கி.மு. 4004 ஒக்டோபர் 23ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய மாலையிற் படைப்புத் தொடங்கிற்று என்றார். அஷர் மூடரல்லர். தம் காலத்திற் கிடைத்த பழைய ஏடுகளையெல்லாம் துருவி ஆராய்ந்த பேரறிஞர் அவர். 1701ஆம் ஆண்டு முதல் ஆங்கில வேதாகமப் பதிப்புக்களின் ஓரங்களில் இத்தகைய ஆண்டுகள் அச்சிடப்பட்டன. ஓரக்குறிப்பையே திருவசனமாகக் கொண்ட தலைமுறைகள் பின்னர் தோன்றின.

ஆனால் யூத மரபு படைப்பின் ஆண்டைக் கி.மு. 3761 என்று கணித்தது. கிரேக்க மொழிபெயர்ப்பைப் பின்பற்றிய பைசாந்திய மரபோ கி.மு. 5509 என்று கொண்டது. ஒரே நூலைப் பக்தியோடு வாசித்த மரபுகளுக்கிடையே 1748 ஆண்டு வேறுபாடு. எழுத்துக்கு எழுத்து நம்புகின்றோம் என்போரும், எந்த ஏட்டின் எழுத்தை நம்புவது என்பதைத் தாமே தீர்மானிக்கவேண்டியவராகின்றனர்.

ஏட்டை விட்டுக் கல்லைப் பார்த்தவர்களுள் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹட்டன் முக்கியமானவர். 1788இல் சிக்கார் முனைக் கடற்கரையில், ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும் பாறைப் படைகளின்மேல் வேறு படைகள் சற்றுச் சாய்ந்து கிடப்பதை அவர் நண்பர்களுக்குக் காட்டினார். சேறு படிந்து கல்லாகி, அக்கல் மடிந்து மேலெழுந்து, தேய்ந்து, அதன்மேல் மீண்டும் மணல் படிந்து கல்லாகியிருக்கவேண்டும். இதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் போதா என்பது விளங்கிற்று.

சிக்கார் முனைக்கு நாம் செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கிணறு வெட்டுவோர் இடிக்கும் சுண்ணக்கல், மயோசீன் காலத்துக் கடலிற் படிந்தது. நுண்ணுயிர்களின் ஓடுகளும் சிப்பிகளும் அதிற் பதிந்து கிடக்கின்றன. அதன் வயது கோடி ஆண்டுக் கணக்கினது. நோவாவின் பெருவெள்ளம் கொணர்ந்து சேர்த்தது என்பார் உளர். ஓராண்டுக்காலக் கலங்கல் வெள்ளத்தில் இத்துணை தடிப்பான சுண்ணக்கல் உண்டாவதில்லை. எண்ணற்ற உயிர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மடிந்தே அது உண்டாகின்றது. வேறொரு சான்றும் உண்டு. மத்திய ஐரோப்பாவிற் பழைய மரங்களின் ஆண்டு வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி 12,000 ஆண்டுகளுக்கு மேல் எண்ணியுள்ளனர். இதற்குப் பௌதிகம் வேண்டா. எண்ணத் தெரிந்தாற் போதும். மரங்களே 6000ஐக் கடந்துவிட்டன.

விஞ்ஞானிகளும் தவறியதுண்டு. 1862இல் கெல்வின் பிரபு, உருகிய பூமி குளிர்வதற்கு எடுத்த காலத்தைக் கணித்து, 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் என்றார். பின்னர் அதனை 2 கோடியிலிருந்து 4 கோடிவரை எனச் சுருக்கினார். அக்காலத்துப் பௌதிகத்தில் அவருக்கு நிகரான செல்வாக்குடையோர் மிகச் சிலரே. எனினும் அவரிடம் உதவியாளராக இருந்த ஜோன் பெரி என்பவரே 1895இல் அவரது கணக்கின் அடிப்படை எடுகோளைப் பகிரங்கமாக மறுத்தார். கதிரியக்கத்தின் கண்டுபிடிப்பு, பாறையின் வயதை அளக்கும் புதியதொரு கடிகாரத்தைத் தந்தது. குருவை மறுத்த பெரியை எவரும் சபைநீக்கம் செய்யவில்லை.

அக்கடிகாரம் எளிதானது. யுரேனியம் 238 என்னும் மூலகத்திற் பாதி, படிப்படியாக ஈயமாக மாறுவதற்கு 447 கோடி ஆண்டுகள் செல்லும். ஆகவே எவ்வளவு ஈயம் விளைந்துள்ளது என்று அளந்தாற் காலம் தெரியும். அமெரிக்க விஞ்ஞானி கிளேயர் பற்றர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து, 1956இல் 455 கோடி ஆண்டுகள் என்றும், 7 கோடி கூடலாம் அல்லது குறையலாம் என்றும் எழுதினார். பிழையின் எல்லையைத் தாமே கூறிவிடும் இந்த நேர்மையை நாம் மாணாக்கர்க்கு முதலிற் கற்பிக்கவேண்டும்.

நம்பிக்கை அரசின் சட்டமாகும்போது விவாதத்தின் தன்மை மாறிவிடுகின்றது. 1925இல் அமெரிக்காவின் தெனெசி மாநிலம், மனிதன் கீழ்நிலை விலங்குகளினின்று தோன்றினான் என்று அரசாங்கப் பாடசாலைகளிற் கற்பிப்பதைத் தடைசெய்தது. அவ்வாண்டு யூலையில் டேற்றன் நகரில் ஜோன் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அவருக்காக வாதாடிய கிளரன்ஸ் டறோ, எதிர்த்தரப்பைச் சேர்ந்த வில்லியம் ஜெனிங்ஸ் பிரையனையே சாட்சியாக அழைத்து, கி.மு. 4004 பற்றி வினவினார். படைப்பின் நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்கவேண்டியதில்லை என்று பிரையனே ஒப்புக்கொண்டார். எனினும் ஸ்கோப்ஸுக்கு 100 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. மேல்நீதிமன்றம் 1927இல் அதனை நீக்கியபோதும், சட்டம் 1967வரை நீடித்தது.

பிரையனை வெறும் பிற்போக்காளராகச் சித்திரிப்பது நியாயமன்று. ஏழை விவசாயிகளுக்காகக் குரல்கொடுத்தவர் அவர். வலியதே வாழும் என்ற சுலோகம் போருக்கும் பணக்காரரின் பேராசைக்கும் நியாயமாகிவிடும் என்று அஞ்சினார். ஸ்கோப்ஸ் பயன்படுத்திய பாடநூலே வெள்ளை இனத்தை மனிதருள் உயர்ந்ததாக வைத்திருந்தது. அச்சம் காரணமற்றதன்று, ஆனால் ஆசிரியரின் வாயை அடைப்பது அதற்கு மருந்தாகாது. இனவெறியைத் தோற்கடிக்கவும் சான்றும் விவாதமுமே வேண்டும்.

எம்மவருட் சிலர் இவ்விடத்தில் மகிழ்ந்து, கிறிஸ்தவர்களது கணக்குத்தான் பிழை, நமது புராணமோ ஒரு கற்பத்துக்கு 432 கோடி ஆண்டு என்று அன்றே சொல்லிவிட்டது என்பர். கற்பம் என்பது பிரமனின் ஒரு பகல். கலியுகத்தின் 4,32,000 ஆண்டைப் பத்தாற் பெருக்கி மகாயுகமாக்கி, அதனை ஆயிரத்தாற் பெருக்கிய தொகை அது. இக்கற்பத்திற் கழிந்த காலமாகப் பஞ்சாங்க மரபு கூறுவதோ ஏறத்தாழ 197 கோடி. எந்தக் கல்லையும் அளந்து பெறாத எண், அளந்து பெற்ற எண்ணுக்கு அருகில் வந்துவிட்டதால் விஞ்ஞானமாகிவிடாது. அஷருக்கு ஒரு நீதி, பிரமனுக்கு ஒரு நீதி என்று நாம் வைத்துக்கொள்ள இயலாது.

அம்மாணவிக்கு நாம் கூறிய விடை இதுவே: இரண்டு பைகள் வேண்டா. நம்பிக்கையைக் கைவிடுமாறு நாம் கேட்கவில்லை. வேதத்தின் பெயரால் இயற்கையைப் பற்றிப் பிழையாகப் பேசி நகைப்புக்கு இடமாகாதீர் என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவர்களை எச்சரித்தவர் புனித அகுஸ்தீனார். பூமியின் நெடுங்கால வயதை 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தமது உரையில் ஏற்றுக்கொண்டார். ஆர்க்கன்சோ மாநிலம் படைப்புக் கொள்கையைப் பாடசாலைகளிற் புகுத்த இயற்றிய சட்டம் 1982இல் நீதிமன்றத்தில் வீழ்ந்தபோது, வழக்குத் தொடுத்தோருட் பலர் கிறிஸ்தவ மதகுருமாரே.

அவள் உடனே இணங்கிவிடவில்லை. “அப்ப இந்த 454 கோடியும் நாளைக்கு மாறுமோ?” என்றாள். மாறலாம், நூற்றுக்கு ஒன்று அளவில் என்றோம். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல கடிகாரங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தைக் காட்டுவதால், அது 6000 ஆகச் சுருங்கப் போவதில்லை என்றும் விளக்கினோம்.

பற்றர்சனின் பிற்காலம் அரிசி விலை பற்றிக் கேட்ட நண்பர்களுக்கு விடையாகும். விண்கல்லின் ஈயத்தை அளக்க முயன்றபோது, ஆய்வுகூடத்தின் காற்றிலும் தூசியிலும் ஈயம் நிறைந்திருப்பதை அவர் கண்டார். அதன் மூலத்தைத் தேடிச் சென்றவர், பெற்றோலிற் கலக்கப்பட்ட ஈயம் மக்களின் உடலிற் சேர்வதை 1965இல் எழுதினார். இலாபம் ஈட்டியோர் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். 1971இல் இவ்விடயத்தை ஆராய அமைக்கப்பட்ட தேசியக் குழுவில் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. அவர் தளரவில்லை. உலகில் வாகனங்களுக்கு ஈயப் பெற்றோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021இல் அதனை நிறுத்தியது. பூமியின் வயதைப் பிழையின்றி அளக்கவேண்டும் என்ற பிடிவாதம், தெருவோரத்துத் தொழிலாளியின் பிள்ளையின் இரத்தத்தைக் காப்பதற்கும் பயன்பட்டது. அந்தப் பிடிவாதத்தை வகுப்பறையில் வளர்ப்பது ஆசிரியர்களாகிய எமது கடமை.