பொதுவிதியும் கோப்புக் கைப்பிடியும்

விதிவிலக்குகள் மலிந்த மொழியைக் கற்போன் மனனத்தை நம்புகிறான். பொதுவிதி ஆளும் மொழியைக் கற்போன் சிந்தனையை நம்பலாம். கலைப்பீட மாணவனாகிய நான் ‘பேர்ள்’ என்னும் கணினிமொழியைப் பயின்றபோது இவ்வுண்மை தெளிவாயிற்று.

எங்கள் நயினாதீவின் பேச்சுவழக்குச் சொற்களைத் திரட்டி, கடல், அடுக்களை, கோயில் எனத் துறைவாரியாக மூன்று கோப்புகளில் எழுதுவிக்க விரும்பினேன். ஒரு கோப்பைத் திறந்ததும் செய்நிரலுக்குக் கிடைக்கும் பிடியே கோப்புக் கைப்பிடியாகும். வாசித்தல், எழுதுதல், மூடுதல் யாவும் அதன் வழியே நிகழ்வன.

மொழியியல் பயின்றவரான லாரி வோல் 1987 இல் வெளியிட்ட இம்மொழியில், கைப்பிடி நெடுங்காலம் விதிவிலக்காகவே இருந்தது. மாறிகளின் முன் நிற்கும் குறியீடு அதற்கில்லை. அது வெறும் பெயராய் நின்றது. அதனை ஓர் உபநிரலுக்கு அனுப்ப, உடுக்குறி சேர்த்துச் சுற்றுவழி செல்லவேண்டியிருந்தது. 2000 இல் வந்த 5.6 ஆம் பதிப்பு, திறக்கும் கட்டளையே கைப்பிடியைச் சாதாரண மாறியொன்றில் தோற்றுவிக்க வழிசெய்தது. அன்றுமுதல், மாறிக்குரிய விதிகள் கைப்பிடிக்கும் உரியனவாயின. நான் மூன்று கைப்பிடிகளையும் அகராதி போன்றதோர் அட்டவணையில் துறைப்பெயர்களுக்கு நேரே வைத்தேன். சொல்லின் துறை தெரிந்தவுடன் உரிய கோப்பும் கிடைத்தது.

இது தமிழுக்குப் புதிதன்று. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ‘கதிரை’ நம் நாவில் கதிரையை, கதிரைக்கு, கதிரையில் என வேற்றுமை ஏற்கிறது. அதற்கென எவரும் தனியிலக்கணம் வகுத்திலர். பெயர்ச்சொல்லாக ஏற்றபின், பெயர்க்குரிய விதிகள் தாமே வந்து பொருந்துகின்றன.

பழைய தடம் முற்றாக மறையவில்லை. எழுதும் கட்டளையில் கைப்பிடிக்குப்பின் காற்புள்ளி வருவதில்லை. அட்டவணையிலிருந்து எடுத்த கைப்பிடியை நெளி அடைப்புக்குள் இடவும் வேண்டும்.

பொதுவிதி தரும் வசதியிலும் ஓர் எல்லை உண்டு. கைப்பிடியைத் தாங்கும் மாறி மறைந்து, அதனைச் சுட்டுவது வேறெதுவும் இல்லாதபோது, கோப்பு தானே மூடப்படும். ஆயின் எழுதப்படுவன உடனே வட்டை அடைவதில்லை. இடைத்தேக்கத்தில் தங்கிப் பின்னரே சேர்கின்றன. வட்டில் இடமில்லாவிடின் இறுதிப் பகுதி இழக்கப்படலாம். கோப்பு தானே மூடும்போது, மூடல் நிறைவேறிற்றா என வினவ வழியில்லை. நாமே மூடின், அவ்வினாவுக்கு விடை பெறலாம்.

ஆதலின் என் செய்நிரல் கோப்புகளைத் தானாக மூடவிடுவதில்லை. முதியோர் வாய்மொழியாகப் பெற்ற சொற்களை மறுமுறை கேட்க நேரும்போது, சொன்னவர் இருப்பாரென எவரால் உறுதி கூறமுடியும்? விதி தன் பணியைச் செய்யட்டும். சொற்கள் சேர்ந்தனவா எனக் கேட்கும் பொறுப்பு நம்முடையது.