கியோத்தோவில் புது வருஷம்

வருஷம் முழுதும் பிரிந்து வாழும் குடும்பத்தார் ஒன்று கூடுவதற்கென்று எல்லா நாடுகளிலும் ஒரு பண்டிகை உண்டு. நமக்குத் தீபாவளியும் பொங்கலும் எப்படியோ, ஜப்பானியருக்கு ஜனவரி மாதத்து முதல் மூன்று தினங்கள் அப்படி. 1873-ஆம் வருஷத்தில் அந்நாடு தன் பழைய பஞ்சாங்கத்தை ஒதுக்கிவிட்டு மேனாட்டுப் பஞ்சாங்கத்தை மேற்கொண்டது. தேதி மாறிற்று, பிறந்த வீட்டை நாடிச் செல்லும் மனம் மாறவில்லை.

டிசம்பர் கடைசி வாரத்தில் டோக்கியோ ரயில் நிலையத்தைப் பார்த்தால் நகரமே மூட்டை கட்டிக் கொண்டு புறப்பட்டு விட்டதோ என்று தோன்றும். கியோத்தோவுக்குச் செல்லும் அதிவேக ரயிலுக்கு 'நொஸோமி' என்று பெயர்; 'நம்பிக்கை' என்பது அதன் பொருள். 2023-ஆம் வருஷக் கடைசியிலிருந்து இத்தகைய நெரிசல் நாட்களில் அந்த ரயிலின் ஆசனங்கள் யாவும் முன்பதிவு செய்தோருக்கே உரியவை. சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் பிரயாணம் முடிந்து விடும். ஆயினும் பேரனை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் பாட்டிக்கு அது ஒரு வருஷத்துப் பிரயாணம் அல்லவா?

ஆயிரம் வருஷங்களுக்கு மேல் தலைநகராக விளங்கிய கியோத்தோ, பண்டிகையை நிதானமாகவே கொண்டாடுகிறது. டிசம்பர் 31-ஆம் தேதி இரவு ஆலய மணிகள் 108 முறை ஒலிக்கின்றன. மனிதரைப் பற்றியிருக்கும் ஆசாபாசங்கள் 108 என்பது ஐதிகம். சியோன்-இன் ஆலயத்தில் 1636-ஆம் வருஷத்தில் வார்க்கப்பட்ட மணி சுமார் 70 டன் எடையுள்ளது. பதினேழு பிக்ஷுக்கள் கயிறு பிடித்து இழுத்தால்தான் அது வாய் திறக்கும்! மறுநாள் காலையில் வெள்ளை மிசோ விழுது கரைத்த சூப்பில், பசையரிசியை இடித்துச் செய்த வட்ட அடை மிதக்கிறது. டோக்கியோவிலோ தெளிந்த சூப்பும் சதுர அடையும்தான் வழக்கம். வட்டமா, சதுரமா என்ற விவாதம் இல்லாமல் இரு ஊர்ச் சம்பந்திகள் புது வருஷத்தைக் கடப்பது அபூர்வம்.

சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் காத்திருக்கும் நேரம் வருகிறது. சிறு காகித உறையில் பெரியோர் பணம் வைத்துக் கொடுக்கிறார்கள். இதற்கு 'ஒத்தோஷிதாமா' என்று பெயர். அந்தப் பணம் எங்கே போகிறது என்பதுதான் நம் கதை. அதில் ஒரு பங்கு வீடியோ விளையாட்டுக் கடைக்கும் போகிறது. ஒரு வருஷமாகக் காணாத பேரன், பாட்டி கொடுத்த பணத்தில் புது விளையாட்டு வாங்கி வந்து, கூடத்து மூலையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்து விடுகிறான். கிடைத்தவை மூன்றே நாட்கள். அவற்றையும் அந்தச் சிறு பெட்டி விழுங்கிவிட்டால் பாட்டி யாரிடம் முறையிடுவாள்? நூற்றுக்கு ஏறக்குறைய 29 பேர் அறுபத்தைந்து வயது கடந்தவராயுள்ள ஒரு நாட்டில் இது அற்பமான கேள்வியன்று.

இதற்கு விடையும் கியோத்தோவிலேயே இருக்கிறது. இங்கே புது வருஷ விளையாட்டு வெகு நாளைய சம்பிரதாயம். நூறு பழங்கவிதைகளை வைத்து ஆடும் 'கரூத்தா' என்னும் சீட்டாட்டம் அவற்றுள் தலையாயது. ஒருவர் கவிதையைப் படிப்பார். அதன் பிற்பகுதி எழுதிய சீட்டை மற்றவர்கள் பாய்ந்து எடுக்க வேண்டும். ஜனவரி 3-ஆம் தேதி யாசகா ஆலயத்தில் பெண்கள் பழங்கால உடையணிந்து வருஷத்தின் முதல் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறார்கள். இந்த ஆட்டத்தின் நேர்த்தியைக் கவனியுங்கள்: பேரனுக்குக் கை வேகம் உண்டு, பாட்டிக்கோ நூறு கவிதைகளும் மனப்பாடம். இருவருக்கும் ஆயுதம் இருப்பதால் ஆட்டம் சரிசமமாகிறது.

பூக்களும் மாதங்களும் வரைந்த 48 சீட்டுகளைக் கொண்ட 'ஹனஃபுதா' என்னும் மற்றோர் ஆட்டமும் உண்டு. 1889-ஆம் வருஷத்தில் யாமவுச்சி புஸாஜிரோ என்பவர் கியோத்தோவில் இந்தச் சீட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கினார். அந்தச் சிறு கடைதான் பிற்காலத்தில் உலகமறிந்த நின்டெண்டோ ஸ்தாபனமாக வளர்ந்தது. கம்பெனியின் பழைய கட்டிடம் இப்போது ஒரு ஹோட்டல். 2022 முதல் அங்கே பிரயாணிகள் தங்கலாம்.

1983-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அந்த ஸ்தாபனம் 14,800 யென் விலையில் வீட்டுக்கு ஒரு விளையாட்டு இயந்திரத்தை வெளியிட்டபோது அதற்கு இட்ட பெயர் 'குடும்பக் கம்ப்யூட்டர்'. அதனுடன் கையில் பிடிக்கும் பொத்தான் கருவிகள் இரண்டு சேர்ந்தே வந்தன, ஒன்றல்ல! ஆயினும் பொத்தான்கள் பெருகப் பெருக, முதியோர் வேடிக்கை பார்ப்பவராயினர். 2006-இல் வந்த 'வீ' இயந்திரம் அவர்களை மறுபடியும் அழைத்தது. கையை வீசினால் திரையில் பந்து உருளும். பொத்தான் சாஸ்திரம் கற்க வேண்டியதில்லை. உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் விற்பனையான அந்த இயந்திரத்தின் முன் தாத்தாக்களும் எழுந்து நின்றார்கள்.

கியோத்தோவுக்குத் தெற்கே, ஊஜி நகரின் ஓகுராவில், முன்பு இதே ஸ்தாபனத்தின் தொழிற்சாலையாக இருந்த கட்டிடம் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி முதல் பொருட்காட்சி சாலையாயிருக்கிறது. குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் பெரும்பாலும் சீட்டு அகப்படும். அங்கே ஹனஃபுதா சீட்டைக் கையால் செய்து பார்க்கலாம், ஆடவும் கற்கலாம். எல்லாவற்றிலும் விசேஷமானது பிரம்மாண்டமான பொத்தான் கருவி. அதைத் தனியே ஒருவர் இயக்குவது கஷ்டம். ஒருவர் திசை காட்ட, மற்றவர் பொத்தானை அழுத்த வேண்டும். தகப்பனும் மகளும் "இப்போது! இப்போது!" என்று கூவிக்கொண்டு ஆடுவதற்கென்றே செய்தது போலிருக்கிறது.

2025 ஜூன் மாதத்தில் 'ஸ்விட்ச் 2' என்னும் புது இயந்திரம் வந்தது. இனியும் புதியவை வரும், குழந்தைகள் அவற்றை விரும்புவதைத் தடுக்க யாராலும் ஆகாது, தடுக்க வேண்டியதுமில்லை. பண்டிகை வீட்டில் பெட்டியைப் பூட்டி வைப்பதைக் காட்டிலும் நல்ல வழி ஒன்று உண்டு. இரண்டாவது கருவியைப் பாட்டியின் கையில் கொடுக்க வேண்டும். அவள் தோற்பாள், பேரன் கை கொட்டிச் சிரிப்பான். பிறகு அவள் கரூத்தாச் சீட்டுகளை விரிப்பாள். அப்போது யார் சிரிப்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?