மன்னிப்பு கொடுத்தது யார்?

நிறவெறி ஆட்சியின் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு என்றாலே எல்லாருக்கும் அதன் தலைவர் டெஸ்மண்ட் டூட்டுவின் கண்ணீர்தான் ஞாபகம் வரும். எனக்கு ஜெஃப்ரி பென்ஸியன்.

வெள்ளை அரசின் போலீஸ்காரர். கைதியைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் ஏறி உட்கார்ந்து, ஈரத் துணிப்பையைத் தலையில் மாட்டி மூச்சை அடைப்பார். 1997-ல் கேப் டவுன் விசாரணையில், அந்தப் பைக்குள் திணறிய டோனி யெங்கெனி அதை எல்லார் முன்னாலும் செய்துகாட்டச் சொன்னார். பென்ஸியன் காட்டினார். பிறகு யெங்கெனியையே பார்த்து, அரை மணி நேரத்தில் நீங்கள் தோழரைக் காட்டிக்கொடுத்தது நினைவிருக்கிறதா என்று கேட்டாரே பார்க்கலாம்! விசாரணைக் கூண்டிலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது.

1999-ல் அவருக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது. செய்ததற்கு அரசியல் நோக்கம், சொன்னது முழு உண்மை, இவை இரண்டும் இருந்தால் போதும். சட்டம் வருத்தத்தைக் கேட்கவேயில்லை.

போலீஸ் காவலில் இறந்த போராளி ஸ்டீவ் பிகோவின் குடும்பம் இந்த ஏற்பாட்டை எதிர்த்து அரசமைப்பு நீதிமன்றம் போனது, 1996-ல் தோற்றது. மன்னிப்பு இல்லையேல் உண்மையும் வராது, ஆட்சி மாற்றமும் நடந்திராது என்றது நீதிமன்றம். துப்பாக்கி யார் கையில் இருந்தது என்று பார்த்தால் அதை மறுக்க முடியவில்லை. அரசு தண்டிக்காமல் விடலாம். ஆனால் அடிபட்டவர் சார்பில் மன்னிக்க அதற்கு ஏது உரிமை?

சரி, மன்னிப்பு மறுக்கப்பட்டவர்கள்? பிகோ வழக்குப் போலீஸ்காரர்களுக்கு 1999-ல் மறுத்தார்கள். 2003-ல் ஆதாரம் போதாது என்று வழக்குத் தொடரவே மறுத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

பாதிக்கப்பட்டோருக்குத் தலைக்கு 30,000 ராண்ட் அறிவித்ததும் அதே ஆண்டுதான்.