வாஷிங்டன் என்னும் பெயர்

தந்தை பெயரின் முதலெழுத்தோடு நிறைவுகொள்ளும் நமக்கு, தலைமுறைதோறும் ஒரே பெயரைச் சுமந்துவரும் ஆங்கிலேய மரபு சற்று வியப்பூட்டுவதே. அத்தகைய குடும்பப் பெயர்களுள் நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது வாஷிங்டன்.

அடிப்படையில் அஃது ஓர் ஊர்ப்பெயர். வடகிழக்கு இங்கிலாந்தில் உள்ள அவ்வூரில் 12ஆம் நூற்றாண்டில் நிலம் பெற்றுக் குடியேறிய வில்லியம் என்பார், ஊரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். வழித்தோன்றல்கள் ஊரை விட்டகன்றனர், பெயரை விடவில்லை. 1539இல் லாரன்ஸ் வாஷிங்டன் நார்தாம்ப்டன்ஷயரின் சல்கிரேவில் நிலம் வாங்கினார். 1650களில் ஜான் வாஷிங்டன் கடல்கடந்து வர்ஜீனியா சேர்ந்தார். அவருடைய கொள்ளுப்பேரனே அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன்.

ஜார்ஜுக்குப் பெற்ற பிள்ளைகள் இல்லை. அடிமைகள் நூற்றுக்கணக்கில் இருந்தனர். 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்னும் குடும்பப் பெயருடையோர் ஏறத்தாழ 1,63,000 பேர். அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர்!

விடுதலை பெற்ற அடிமைகள் பலர் தமக்கான குடும்பப் பெயரைத் தாமே தேர்ந்தனர். அடிமையாகப் பிறந்த புக்கர், பள்ளியில் முழுப்பெயர் கேட்கப்பட்டபோது, 'புக்கர் வாஷிங்டன்' எனத் தாமே சொன்னதைத் தம் தன்வரலாற்றில் (1901) பதிவு செய்துள்ளார்.

நிலம் பெற்றவர் பூண்ட பெயரை, ஒரு பிடி மண்ணும் இல்லாச் சிறுவன் பூண்டான். முன்னவருக்கு அஃது உடைமையின் அடையாளம். பின்னவனுக்கோ, தான் எவருடைய உடைமையும் அல்லன் என்பதன் அடையாளம். ஒரு பெயர் யாருக்குரியது என்னும் வினாவுக்குக் குருதிவழி மட்டுமே விடையாகாது என்றே நமக்குத் தோன்றுகிறது.